அடியொலியும் அடுத்த வீடும்

பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம். கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகன், சேர்த்து வைத்த காசில் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கி வந்திருந்தான். மேலே வைக்கச் சின்னதாக இரண்டு பெட்டி. கீழே வைக்கப் பெரிதாக ஒரு பெட்டி. அந்தப் பெரிய பெட்டிக்குத்தான் 'சப் வூஃபர்' என்று பெயராம். அதை ஹோலின் மூலையில் வைத்து, கடலைப் பற்றிய ஒரு விவரணப் படத்தைப் போட்டான். அலை வந்து பாறையில் மோதிய போது ஷோகேசில் இருந்த கோப்பைகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாப்பா, பேஸ் எப்படி?" என்று கேட்டான் மகன்.

நான் பதில் சொல்வதற்குள் கேற் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரி நின்றிருந்தார்.

"மௌலவி, குறை நினையாதேங்கோ. பிள்ளையள் படம் பாக்கட்டும். சத்தம் கேக்கிறது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. நிலம் அதிருது. அம்மா பின்பக்கம் போய்ச் சுவரோட குந்தி இருக்கிறா. எழும்பி வாறா இல்லை."

உடனே நிறுத்தினோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முள்ளியவளைப் பக்கம்தான் எங்கள் ஊர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள் நாங்கள். அந்த அம்மாவோ 2009 மே மாதம் வரை வன்னிக்குள்ளேயே இருந்தவர். செல் விழும்போது காதுக்கு முந்திக் காலுக்குத்தான் தெரியும் என்று அவர் பின்னர் ஒருநாள் சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் அலையாகக் கேட்டது, அவருடைய காலுக்கு வேறொன்றாகத் தெரிந்திருக்கிறது.

மகனின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. முதன்முதலாகத் தன் உழைப்பில் வாங்கியதை மூடி வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. வவுனியா நகரில் ரீவி, வானொலி திருத்தும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஹஸரத், பெட்டியில பிழை ஒண்டும் இல்லை. வைச்ச இடத்திலதான் பிழை" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில், ஒரு சதமும் செலவில்லாமல், ஒலி நன்றாகியது. பக்கத்து வீட்டுக்குப் போவதும் பெரும்பாலும் குறைந்தது. அவரிடம் கற்றதையும், அதன்பின் நானாகப் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இசை கேட்கலாமா, கூடாதா என்ற மஸ்அலாவை விளக்க நான் வரவில்லை. பெட்டி பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. வீட்டை ஒழுங்குபடுத்துகிறவர்களும், அந்தச் சத்தத்தோடு பகல் முழுக்க இருக்கிறவர்களும் நீங்கள்தான். ஆகவே உங்களுக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடியொலி என்றால் என்ன?

சத்தம் என்பது காற்றின் அசைவு. ஒரு விநாடியில் எத்தனை தடவை அசைகிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மனிதக் காது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கக் கூடியது. ஓர் ஆண் பேசும் குரலின் அடிப்படை 100 முதல் 150 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். பெண்ணின் குரல் 200 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். இடி, கடலிரைச்சல், பெரிய ரபானின் முழக்கம் போன்றவற்றின் கனமான பகுதி 100க்கும் கீழே இருக்கிறது. இதைத்தான் பிள்ளைகள் 'பேஸ்' என்கிறார்கள். நாம் அடியொலி என்று வைத்துக்கொள்வோம்.

நமது ரபானை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ரபான் கணீரென்று ஒலிக்கும். பெரிய ரபான் 'தொம்' என்று ஒலிக்கும். தாழ்ந்த ஒலி எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. அதற்காகத்தான் அந்தப் பெரிய பெட்டி.

சினிமாக் கொட்டகைகளில் 1974இல் 'எர்த்குவேக்' என்ற அமெரிக்கப் படத்துக்காகப் பூமி அதிர்வது போன்ற ஒலியை எழுப்பத் தனிப் பெட்டிகள் வைத்தார்கள். 1992இல் வந்த டொல்பி டிஜிட்டல் முறையில் அடியொலிக்கென்றே ஒரு தனிப் பாதை ஒதுக்கப்பட்டது. ஹோம் தியேட்டர் பெட்டிகளில் '5.1' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் '5' என்பது ஐந்து ஸ்பீக்கர். '.1' என்பது இந்த அடியொலிப் பாதை. ஆயிரம் பேர் இருக்கும் கொட்டகைக்கென உண்டானதை நாம் பன்னிரண்டு அடி அறைக்குள் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாதி வேலை அறையினுடையது

நம் நாட்டு வெப்பத்தில் சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது. 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8.75 மீற்றர் நீளம். அதாவது கிட்டத்தட்ட 29 அடி. அவ்வளவு நீளமான அலை நமது சின்ன அறைக்குள் எப்படி அடங்கும்? சுவரில் மோதித் திரும்புகிறது. எதிரே வரும் அலையோடு சேர்கிறது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து பெருக்கும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும்.

14 அடி நீளமான அறையில் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் ஒலி இப்படிப் பெருகும். 12 அடியில் 48 ஹேர்ட்ஸ். 10 அடியில் 57 ஹேர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக இருந்தால் இந்தப் பெருக்கமும் பரவலாக இருக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து, ஒரு குறிப்பிட்ட ஒலி மட்டும் 'பூம் பூம்' என்று முழங்கும். மற்றவை அமுங்கிப் போகும்.

யுத்தத்துக்குப் பின் வன்னியில் எழுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை, வீட்டுக்காரரே முன்னின்று, தவணை தவணையாகக் கிடைத்த 550,000 ரூபா உதவியில் கட்டிக்கொண்டவை. சிறிய ஹோல், சீமெந்துக் கல் சுவர், சீமெந்து நிலம். வெயிலுக்கும் மழைக்கும் நல்ல வீடு. ஆனால் அடியொலியை உள்வாங்க அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சுவர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது.

எங்கள் வீட்டில் மகன் பெட்டியை மூலையில் வைத்திருந்தான் என்றேன் அல்லவா? நிலமும் இரண்டு சுவர்களும் கூடும் இடம் மூலை. மூன்று பக்கமும் திருப்பி அனுப்ப, அடியொலி மிகவும் கூடும். ஆனால் அது சீரான கூடுதல் அல்ல. அறைக்குப் பிடித்த அந்த ஒன்றிரண்டு ஒலிகளே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக முழங்கும். போதாக்குறைக்கு அந்த மூலையின் ஒரு சுவர் பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்தது.

தவழ்ந்து இடம் தேடுதல்

என் மாணவர் செய்தது வேடிக்கையாக இருந்தது. நாங்கள் வழக்கமாக உட்காரும் கதிரையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை வைத்தார். அடியொலி விட்டு விடாமல் கேட்கும் ஒரு பகுதியைப் போட்டார். பிறகு தானே முழங்காலில் தவழ்ந்து சுவரோரமாக அறையைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் சத்தம் மொத்தமாகக் குழம்பியது. ஓரிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஓரிடத்தில் ஒவ்வொரு அதிர்வும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டது. அங்கே சோக்கட்டியால் குறி போட்டார். பெட்டியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்துக் கதிரையைப் பழைய இடத்தில் போட்டோம். கதிரையில் இருந்து கேட்டபோது அதே தெளிவு.

ஏன் அப்படி? ஒலி போகும் பாதையில் கொடுக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பலன் ஒன்றுதான். பெட்டியை ஒவ்வொரு இடமாகத் தூக்கிக்கொண்டு திரிவதை விட, நாம் தவழ்வது சுலபம். உங்களுக்கு முழங்கால் வலி என்றால் பிள்ளைகளைத் தவழ விடுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு.

இதைச் செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள்:

• அறையின் நட்ட நடுவில் உட்கார வேண்டாம். அங்கே முக்கியமான சில அடியொலிகள் அழிந்து போகும். சுவரில் தலை முட்டவும் உட்கார வேண்டாம். அங்கே அளவுக்கு மீறி முழங்கும். சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரம் நல்லது.

• பெட்டியில் ஒரு துவாரம் இருக்கும். அது சுவரைப் பார்த்திருந்தால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளி விடுங்கள். அதற்குள் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• யன்னல் சீலையும், சுவரில் ஒட்டும் முட்டை மட்டையும் அடியொலியைத் தடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். தடுக்காது. அவை கீச்சென்ற மேலொலியை மட்டும் குறைக்கும். அடியொலிக்குத் தடித்த பொருள் வேண்டும். பஞ்சு நிறைந்த சோபா, மூலையில் சுருட்டி நிறுத்திய பஞ்சு மெத்தை ஓரளவு உதவும்.

• பெட்டியின் கால்களுக்குக் கீழே பழைய இறப்பர்ச் செருப்பை வெட்டி வையுங்கள். சீமெந்து நிலத்துக்கு அதிர்வு நேரே இறங்குவது சற்றுக் குறையும்.

• ஷோகேஸ் கண்ணாடி, தகரக் கூரை, யன்னல் கொழுக்கி எல்லாம் சேர்ந்து நடுங்குவதைத்தான் பலர் 'ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது' என்று நினைக்கிறார்கள். சத்தம் போகும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். எது நிற்கிறதோ அதற்கு ஒரு துணித் துண்டு போதும்.

குமிழ்களைத் திருகுவது எப்படி?

விலை குறைந்த செட்டில் மூன்று குமிழ் இருக்கும். மொத்தச் சத்தத்துக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, ட்ரெபிளுக்கு ஒன்று. வாங்கிய அன்றே பேஸ் குமிழை முடிவு வரை திருகிவிடுவது நம் பிள்ளைகளின் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அதை அடியோடு குறைத்துவிடுங்கள். ஒருவர் பேசும் பகுதியைப் போட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மொத்தச் சத்தத்தை வையுங்கள். பிறகு பேஸை மெதுவாகக் கூட்டுங்கள். பெட்டி ஒலிப்பது தெரிய ஆரம்பித்ததும் ஒரு சிட்டிகை குறையுங்கள். அதுவே சரியான இடம். கறிக்கு உப்புப் போல. இருப்பது தெரியக் கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும்.

பெரிய ஹோம் தியேட்டர் செட்டில் இன்னும் இரண்டு வசதி உண்டு. ஒன்று 'குரோஸ் ஓவர்'. எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி பெரிய பெட்டிக்குப் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பொதுவாக 80 ஹேர்ட்ஸ் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பது நம் காதுக்குத் தெரியாது. ஆகவே பெட்டி எந்த ஓரத்தில் இருந்தாலும் சத்தம் படத்தில் இருந்து வருவது போலவே இருக்கும். சின்ன ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 100, 120 என்று உயர்த்த வேண்டியிருக்கும்.

மற்றது 'ஃபேஸ்' என்ற ஆளி. 0, 180 என்று இரண்டு நிலை. சின்ன ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் நேரத்தில் பெரிய பெட்டி இழுத்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஒருவர் கதிரையில் இருந்து கேட்க, மற்றவர் ஆளியை மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் அடியொலி நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

ஓதலும் பயானும்

நம் வீடுகளில் இந்தப் பெட்டியில் அதிகம் ஒலிப்பது படமல்ல. கிராஅத்தும் பயானும்தான். இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஓதலைக் கேட்டுப் பழகும் பிள்ளைக்கு எழுத்துகளின் மஃக்ரஜ் துல்லியமாகக் காதில் விழ வேண்டும். ஸீனுக்கும் ஸாதுக்கும், ஸீனுக்கும் ஃதாவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய உதவும் மெல்லிய ஓசைகள் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. அடியொலி பலமாக இருந்தால் அது மேலொலியை மூடிவிடும். காதின் இயல்பு அது. போதாததற்கு, சின்ன 2.1 செட்டுகளில் பெரிய பெட்டி 150 ஹேர்ட்ஸுக்கு மேலும் ஒலிக்கும். காரியின் குரலில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்து வரும். குரல் கனமாகக் கேட்பதைக் கம்பீரம் என்று நாம் எண்ணுகிறோம். பிள்ளைக்கோ எழுத்துக் குழம்புகிறது. ஓதலுக்கும் பேச்சுக்கும் பேஸ் குமிழை அடியில் வையுங்கள். பெட்டியைத் தனியே நிறுத்த வழி இருந்தால் நிறுத்தியே விடுங்கள். என் மாணவர்கள் சிலர் வீட்டில் கேட்டுப் பழகிய பிழையோடு வகுப்புக்கு வந்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்

கடையில் பெட்டியின் முன்பக்கத்தில் '5000 வோட் பீ.எம்.பீ.ஓ.' என்று பளபளக்கும் எழுத்தில் இருக்கும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 வோட் எடுக்கும் பெட்டி 5000 வோட் எப்படிக் கொடுக்கும்? 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருக்கும் அளவை மட்டும் கேளுங்கள்.

வோட்டை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்கும் என்பதும் தவறு. இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். அது காதுக்குச் சற்றே தெரியும் மாற்றம். சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வோட் வேண்டும். பெட்டியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் அதைவிட அதிக பலன் கிடைக்கும். காசைக் கொடுப்பதற்கு முன் தளபாடத்தை நகர்த்திப் பாருங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல்

ஒன்றும் போடாமலே பெட்டி 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? அது நமது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ஓசை. ரீவி ஒரு பிளக்கிலும் பெட்டி வேறொரு பிளக்கிலும் இருந்து, டிஷ் அன்ரெனா வயரும் சேரும்போது இப்படி வருவதுண்டு. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் கொடுத்துப் பாருங்கள். அன்ரெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் அதுதான். இரைச்சலை நிறுத்த எர்த் வயரை வெட்டிவிடும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரைக் காக்கும் வயர். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வன்னியில் இடி மின்னல் அதிகம். மழை இருண்டு வரும்போதே பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றி வைப்பது நல்லது.

சுவரைத் தாண்டும் சத்தம்

இனி அந்த மாலைக்கு வருவோம். எங்கள் ஹோலில் பேச்சு, பறவைச் சத்தம், அலை எல்லாம் கேட்டன. பக்கத்து வீட்டுக்குப் போனது 'டும் டும்' மட்டுமே. ஏன்?

சுவர் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. ஒலியின் அளவு பாதியாகக் குறையக் குறைய, சுவர் தடுக்கும் திறன் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 1,280 ஹேர்ட்ஸில் இருந்து 80 ஹேர்ட்ஸுக்கு வர நான்கு தடவை பாதியாக்க வேண்டும். ஆகவே 24 டெசிபெல் குறைவு. நாம் படத்தைக் கேட்கிறோம். அடுத்த வீட்டார் அதன் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஓர் அர்த்தமும் இல்லை. எப்போது வரும், எப்போது நிற்கும் என்பதும் தெரியாது.

நம் காதும் நம்மை ஏமாற்றுகிறது. மெதுவாக ஒலிக்கும்போது அடியொலி காதுக்குக் குறைவாகவே எட்டும். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். பழைய கசெட் வானொலிகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? மெதுவாகக் கேட்கும்போது இந்தக் குறையை ஈடு செய்யத்தான் அதை வைத்தார்கள். இரவில் சத்தத்தைக் குறைத்தவுடன் 'பேஸ் காணாது' என்று குமிழைத் திருகுகிறோம். நமக்குப் போதுமான அளவாகும்போது அடுத்த வீட்டில் கட்டில் அதிர்கிறது. ஹோம் தியேட்டரில் 'நைட் மோட்' இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். வெடிச்சத்தத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைத்துவிடும்.

பிள்ளைகளின் காதையும் நினைவில் வையுங்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம் கேட்பதானால் 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அளக்கக் கருவி இல்லையே என்கிறீர்களா? மூன்று அடி தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள்.

அண்டை வீட்டார் உரிமை பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருப்பதை இங்கே நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்து கேட்டு வந்ததுதான். கறியில் தண்ணீரைக் கூட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், அடுத்த வீட்டுக்கு எதை அனுப்பக் கூடாது என்பதையும் நம்மைச் சிந்திக்கச் சொல்லாதா? வன்னியில் இது சாதாரண அயல் தொந்தரவு மட்டுமல்ல. ஒவ்வொரு வேலிக்கு அப்பாலும் யார் என்ன கேட்டு, என்ன கண்டு வந்தவர் என்று நமக்குத் தெரியாது.

பானைக்குள் ஒரு வானொலி

பெட்டியை இடம் மாற்றியபின், மகனும் நானும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். மகனின் உம்மா வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்பியிருந்தார். மகன் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மா அவன் தலையைத் தடவிவிட்டுச் சிரித்தார்.

"சத்தம் எங்களுக்கும் விருப்பம்தான் தம்பி. அந்த நாளையில பற்றரி உள்ளுக்குக் கொண்டு வர விடாதவை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் வானொலி கேட்டனாங்கள். இவையின்ர அப்பா ஸ்பீக்கரைக் கழட்டி மண்பானை வாயில வைச்சுக் கட்டுவார். அப்ப வரும் பாருங்கோ ஒரு சத்தம்! வடிவா, கனமா. ஊரே வந்து கேக்கும்."

மகன் வியந்து போனான். பல்லாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பெட்டியின் தத்துவம் அந்தப் பானைக்குள் இருந்திருக்கிறது. போத்தல் வாயில் ஊதினால் 'பூ' என்று ஒலிக்குமே, அதே தத்துவம். வெற்றிடமும் சிறிய வாயும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த ஒலி பெருகும். ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ற்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவருக்கும் முன்பே, 1557இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்பூல் சுலைமானிய்யாப் பள்ளிவாசலின் குவிமாடத்தில், ஓசையைச் சீர்படுத்துவதற்காக வாய் திறந்த ஜாடிகளைப் பதித்தார் சினான் என்ற கட்டடக் கலைஞர். சப் வூஃபர் பெட்டியின் துவாரமும் பானையின் வாயும் ஒரே குடும்பம்தான்.

"நீங்கள் படம் போடேக்க சொல்லிவிடுங்கோ. தெரிஞ்சிருந்தா நான் பயப்பட மாட்டன்" என்றார் அந்த அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். படம் போடுவதற்கு முன் சின்ன மகள் வேலிக்குப் போய்க் குரல் கொடுப்பாள். இஷாவுக்குப் பிறகு பெரிய பெட்டி நிறுத்தப்படும். சில நாட்களில் அந்த அம்மாவே வந்து கதிரையில் இருந்து எங்களோடு கடல் படம் பார்ப்பார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பயமில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால், நான் சொன்னபடி இடம் தேடி வையுங்கள், குமிழைச் சரி செய்யுங்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியை வழக்கமான சத்தத்தில் ஓட விட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அவர்களுடைய அறைக்குள் இரண்டு நிமிடம் இருந்து கேட்டுப் பாருங்கள். உங்கள் பெட்டியின் ஒலி சரியா, பிழையா என்பதை அங்கே இருந்துதான் முழுமையாக அறிய முடியும்.